விஸ்வகர்மா பூஜைக்கு நிறுத்திய சர்வர்

நான் வேலை பார்ப்பது பெங்காலிகள் ஊரில், டாக்குரியாவில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில். கீழே கவுண்டர், மேலே இரண்டு மாடிகளில் பரிசோதனைக்கூடம், அதற்கும் மேலே, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டை ஒட்டி, ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையில் சர்வரும் நானும் பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தினோம். கவுண்டரில் பெயர் பதிவதிலிருந்து ரிப்போர்ட் அச்சாகி வெளியே வருவதுவரை எல்லாமே அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்ள என்னை நம்பியிருந்தார்கள். நம்பினார்கள் என்பது பேச்சுக்குத்தான். பதினொரு வருஷமும் என்னை ஒப்பந்தத்தில்தான் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆயுசு.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு என்று ஒரு புத்தி வந்துவிடும். முக்கியமான எதையும் எழுதி வைக்க மாட்டோம். எழுதி வைத்துவிட்டால் அப்புறம் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? அதனால் அந்த சர்வரின் அந்தரங்கம் எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்தது. அது விண்டோஸுக்குள் போவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் மதர்போர்டு பலகையிலேயே பதிந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, எந்த ஹார்ட் டிஸ்க் வட்டைத் தொட்டு எந்த முறையில் எழுப்புவது என்று பார்க்கும். எங்களுடையது பழைய சர்வர். லெகசி என்கிற பழைய பூட் முறையில் வைத்துத்தான் அதில் எல்லாவற்றையும் நிறுவியிருந்தது. யூஇஎஃப்ஐ என்கிற புது முறையில் எழுப்பினால் திருதிருவென்று விழிக்கும், தன் வட்டையே தனக்குத் தெரியாது. போதாததற்கு, முன்பு ஒரு வட்டு பழுதானபோது, இரண்டு வட்டுகளை ஜோடி சேர்த்து ஒன்றாக ஓட வைக்கும் ரெய்டு அமைப்பை நானே போட்டிருந்தேன். அதற்கும் அந்தப் புரோகிராமின் அமைப்புப் பக்கத்தில் ஒரு இடத்தில் மாற்ற வேண்டும். எங்கே, எப்படி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

இந்த அமைப்புகளை எல்லாம் மறக்காமல் வைத்திருப்பது பலகையில் செருகியிருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. மின்சாரம் இருக்கும்வரை அந்தப் பேட்டரி செத்திருந்தாலும் வெளியில் தெரியாது. மின்சாரம் அடியோடு போனால், மறுபடி வரும்போது சர்வர் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி எழுந்து நிற்கும். மார்ச் மாதம் சர்வரே பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை காட்டியது. ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி கேட்டு மேனேஜருக்கு எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை. அவரே மாடியேறி வந்தார்.

"ஓடிண்டிருக்கறதை எதுக்கு நிறுத்தணும்? அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

மேனேஜர் எங்கள் ஆள். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பாங்கில் ஆபீசர்களாக இருந்தவர்கள், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தவர்கள். என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். பிறர் முன்னால் சார், தமிழில் அண்ணா. ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதில் எங்களுக்கு இருந்த சௌகரியத்தை என்னவென்று சொல்வது. கதவைச் சாத்த வேண்டாம், குரலைத் தாழ்த்த வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியே, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பேசி முடித்துவிடலாம். யார் வேலைக்கு ஆவார், யார் ஆக மாட்டார், யார் கேட்ட லீவைத் தள்ளிப் போடலாம் எல்லாம் அப்படித்தான் முடிவாயின. மற்றவர்கள் அதைத் தொழில்நுட்ப விஷயம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலாளியான பெரிய டாக்டர்கூட, மதராஸிகள் இருவரும் தங்கள் பாஷையில் கணக்குப் போடுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

அந்தக் கட்டிடத்தின் மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மிஸ்திரி. இந்த ஊரில் எலக்ட்ரீஷியனை அப்படித்தான் சொல்வது. அறுபதை நெருங்கியவர், பெங்காலி, அதிகம் பேசாதவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவருக்கும் வருஷாந்தரத் தாள்தான். ஆனால் என்னைவிட அவருக்கு அந்தத் தாள் அவசியமாக இருந்தது. அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதா மாதம் செய்ய வேண்டிய பரிசோதனைகள் ஊழியர் குடும்பம் என்பதால் அவருக்கு இலவசம். வேலை போனால் அதுவும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்த அம்மாளைக் கையைப் பிடித்து முதல் மாடிக்கு ஏற்றிக்கொண்டு போவார். நான் எதிரில் வந்தால், "பாலோ, தீதி?" என்பார். நலமா, அக்கா என்று அர்த்தம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

எங்கள் வீட்டு ஃபேன், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஃபேன் மாட்ட வந்திருந்தார். என் அம்மா அடுக்களையிலிருந்து என்னிடம், "அந்த மனுஷன் ஏணியைச் சுவத்துல சாத்திடப் போறான், போன மாசம்தான் பெயின்ட் அடிச்சிருக்கு" என்றாள். நான் எழுந்து போவதற்குள் அவராகவே ஏணியைச் சுவரிலிருந்து நகர்த்தி, நடுவில் விரித்து நிறுத்திவிட்டார். எவ்வளவு பதவிசான ஆள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் அங்கே நிற்கும்போதே, தமிழில்தான்.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. தொழிற்கருவிகளுக்கான பூஜை. எங்கள் வீடுகளில் சில வாரம் கழித்து வரும் ஆயுத பூஜைக்கு இந்த ஊர்ப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மிஷின்களுக்கு ஓய்வு. துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, கும்பிட்டுவிட்டு, மறுநாள்தான் தொடுவார்கள். டிரைவர்களும் ஜெனரேட்டர் ஆட்களும் மிஸ்திரியுமாகச் சேர்ந்து வருஷா வருஷம் கீழே ஜெனரேட்டர் அறையில் நடத்துவார்கள். அன்று மையம் மத்தியானத்தோடு மூடிவிடும். ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் பட்டம். ஒன்று அறுந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்படி "போகாட்டா" என்று கத்துவார்கள்.

அந்த வருஷம் மிஸ்திரி மாடியேறி வந்து என்னிடம் அனுமதி கேட்டார். சர்வர் அறையில் யுபிஎஸ்ஸுக்கு வரும் ஒயர் சூடாகிறது, மாற்ற வேண்டும், தூசியும் மண்டிக் கிடக்கிறது, இன்று மத்தியானம் நீங்கள் சர்வரை முறையாக நிறுத்திக்கொடுத்தால் மெயினை அணைத்து வேலையை முடித்துவிடுவேன், அப்படியே பாவம் இந்தப் பெட்டிக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்கே சந்தனம் வைப்போம். சரி என்றேன். ஒன்றரை மணிக்கு சர்வரை நிறுத்திவிட்டு, இனி உங்கள் பாடு என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். லேக் மார்க்கெட்டில் காபிப் பொடி அரைக்கும் கடையும் அன்று சீக்கிரம் மூடிவிடும். அம்மா காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரி எனக்கு ஞாபகம் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாதிப் படி இறங்கிய பிறகு, இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுருக்கென்று ஞாபகம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். மேலே போய், மெயினை அணைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அணையுங்கள், நான் காத்திருந்து பேட்டரியை மாற்றிவிட்டுப் போகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் தலைக்குள் இருக்கிறதே, காலையில் பத்து நிமிஷ வேலைதானே என்று தோன்றியது. இறங்கிப் போய்விட்டேன். காபிப் பொடி கிடைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கவுண்டரில் வெறும் வயிற்றோடு நாற்பது பேர். நான் சர்வரைப் போட்டேன். முகப்பில் குங்குமப் பொட்டு, மேலே வாடத் தொடங்கிய சாமந்தி. விசிறிகள் சுற்றின, திரை வந்தது, பூட் செய்ய எதுவும் இல்லை என்றது. நான் பதறவில்லை. எஃப்2 தட்டி அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். நினைத்தபடி பூட் முறை யூஇஎஃப்ஐ என்று மாறிக் கிடந்தது. லெகசிக்கு மாற்றி, வட்டு வரிசையைச் சரிசெய்து, சேமித்து வெளியே வந்தேன். விண்டோஸ் சின்னம் தெரிந்தது. அடுத்த நொடி கோளாறு என்று காட்டும் நீலத் திரை, மறுபடி ஆரம்பத்திலிருந்து. மூன்று தரம் அப்படியே ஆயிற்று.

அதற்குள் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கீழேயிருந்து சத்தம் படியேறி வந்துகொண்டிருந்தது. தலைக்குள் எல்லாம் இருக்கிறது என்று பதினொரு வருஷம் மார்தட்டிய எனக்கு அந்த நேரத்தில் தலைக்குள் ஒன்றுமே இல்லை. ரெய்டு என்ற வார்த்தையே வரவில்லை. சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள் என்று நிதானமாகச் சொன்னான் ஒருவன். அழித்திருந்தால் பதினொரு வருஷத்து ரிப்போர்ட்டுகளும் போயிருக்கும். நல்லவேளை, அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. திறமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பயம்.

நாலு மணி நேரம் கழித்து, பதினோரு மணி சுமாருக்கு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தபோது, வட்டு அமைப்பு என்ற பக்கத்தில் இரண்டு வட்டுகளும் தனித்தனியாக நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் ஏஹெச்சிஐ, அதாவது தனித்தனி வட்டு முறை, என்று போட்டிருந்தது. அங்கே ரெய்டு என்று இருக்க வேண்டும். மாற்றினேன். சர்வர் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது. எனக்கு அதை ஓங்கி ஓர் அறை அறைய வேண்டும் போல இருந்தது. அந்த அவசரத்தில், அதே பேட்டரியை நம்பி ஓடும் சர்வர் கடிகாரத்தைச் சரிசெய்ய மறந்துவிட்டேன். அன்று முதலில் அச்சான இருபது ரிப்போர்ட்டுகளில் பல வருஷம் பின்னால் போன தேதி. ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்கு அது பிறப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்திருந்தோம். அந்தக் குழந்தையின் அப்பா அதைப் பெரிய டாக்டர் அறை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

விசாரணை அடுத்த சனிக்கிழமை நடந்தது, பெரிய டாக்டர் அறையில், அவருடைய தேநீர் ஆறிக்கொண்டிருக்க. மேஜைக்கு ஒரு பக்கம் நானும் மேனேஜரும். எதிரில் மிஸ்திரி. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஏன் மறந்தது என்று டாக்டர் பெங்காலியில் கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கையைக் காட்டி, ஒரு நிமிஷம் சார், டெக்னிக்கலாக ஒன்று தெளிவுபடுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"கரண்ட் போனதாலதானே இப்படி ஆச்சு? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு."

"கரண்ட் போனா ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது, அண்ணா. உள்ளே பேட்டரி செத்துப்போச்சு. மார்ச்லயே உங்களுக்கு எழுதினேனே."

"அந்த மெயிலைப் பத்திப் பேசினா நான் மாட்டிப்பேன். நான் மாட்டிண்டா உன்னைப் பெர்மனென்ட் ஆக்கற கன்ஃபர்மேஷன் ஃபைல்ல யார் கையெழுத்துப் போடுவா?"

"அவர் எங்கிட்ட கேட்டுண்டுதான் மெயினை அணைச்சார்."

"எழுதிக் கேட்டாரா?"

"இல்லை."

"அப்ப கேக்கலை."

மிஸ்திரி தன் டெஸ்டரைக் கையில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேனேஜர் பெங்காலிக்கு மாறி, சர்வர் அறை மெயினை எழுத்து அனுமதி இல்லாமல் அணைத்ததால் வந்த வினை, மேடமும் அதைத்தான் சொல்கிறார் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் என்னைத் தேற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டாக்டர் மிஸ்திரியைக் கேட்டார். மிஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, மெயினை அணைத்தது நான்தான் என்றார். என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அணைத்தேன் என்று சேர்க்கவில்லை. அவருக்குச் சாமர்த்தியம் போதாது, தன் பக்கத்தை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை லேக் மார்க்கெட்டில் கடிகாரக் கடையில் ஒரு பட்டன் பேட்டரி வாங்கினேன். அடுத்த கடையில் ஒரு மசாலா தோசை அதைவிட விலை அதிகம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கவுண்டரை மூடியதும் சர்வரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பழையதை நெம்பி எடுத்துப் புதியதைப் போட்டு, எல்லா அமைப்புகளையும் மறுபடி பதிந்து, அவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டினேன். மொத்தமும் இருபது நிமிஷம். கீழே யாருக்கும் சர்வர் நின்றதே தெரியவில்லை.

மிஸ்திரியின் தாளை அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் துர்கா பூஜை முடிகிறவரை இருக்கட்டும், பண்டிகை நேரத்தில் அனுப்புவது பாவம் என்றார் டாக்டர். பாவத்துக்குப் பயந்த மாதிரி தெரியவில்லை. கட்டிடத்துக்கு சீரியல் லைட் போட ஆள் வேண்டியிருந்தது. மிஸ்திரி நாலு மாடிக்கும் லைட் கட்டினார், பூஜை முடிந்ததும் ஒரு பல்புகூட உடையாமல் கழற்றிச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார், போனார். கடைசி நாள் என்னிடம் சொல்லிக்கொள்ள மாடியேறி வரவில்லை. எனக்கு அதில் நிம்மதியாகத்தான் இருந்தது.

நவம்பரில் என் வேலை நிரந்தரமாயிற்று. மேனேஜர் ஃபைலை நீட்டி, "சொன்னேனோல்லியோ" என்றார். அம்மா பால் பாயசம் வைத்தாள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, கவுண்டரில் பிரிண்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். இறங்கிப் போனேன். வரிசையில் மிஸ்திரி நின்றிருந்தார், காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாவோடு, பக்கத்தில் பெஞ்சில் அவர் மனைவி. அந்த அம்மாள் முகம் நன்றாக வீங்கியிருந்தது. மாதா மாதம் வந்தவர்கள் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வந்திருக்கிறார்கள் என்று கவுண்டர் பெண் பின்னால் சொன்னாள். நான் பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து, இல்லாத கோளாறை ரொம்ப நேரம் தேடினேன். நிமிர்ந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"பேட்டரி மாத்திட்டியா, தீதி?" என்றார்.

தமிழில். கொஞ்சம் உருண்ட உச்சரிப்பு, அவ்வளவுதான். மாற்றிவிட்டேன் என்றேன், எந்தப் பாஷையில் என்று ஞாபகமில்லை. அவர் தலையசைத்தார். சின்ன வயதில் கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்ததாகவும், சுற்றி எல்லாம் எங்கள் ஆட்கள் என்றும், அந்தப் பையன்களோடு கோலி விளையாடிக் கற்றுக்கொண்ட தமிழ் என்றும், ஏதோ நான் கேட்ட மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு விசாரணை அறை கண்முன் வரவில்லை. முதலில் வந்தது எங்கள் வீட்டு ஹால். அம்மா சொல்லி முடித்ததும் அவர் ஏணியைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை முறை, அவரை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும், ஆபீசில் அண்ணாவும் நானும் என்னென்ன பேசினோம் என்பதெல்லாம் வரிசையாக வந்தது.

"அன்னிக்கு ஏன் ஒண்ணுமே சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார்.

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவுண்டர் பெண் அவர் எண்ணைக் கூப்பிட்டாள். காசைக் கட்டி, மனைவியைக் கையைப் பிடித்து எழுப்பி மேலே அழைத்துப் போனார். சாயங்காலம் அந்த அம்மாளின் ரிப்போர்ட் நான் சரிசெய்த பிரிண்டரில்தான் வந்தது. எடுத்துப் பார்த்தேன். எண்கள் மோசமாக இருந்தன. தேதி சரியாக இருந்தது.